அடுக்குச் சேவையகம்: விலையும் வினைத்திறனும்

நுழையும்முன்

திறன்பேசியில் ஒரு தேடுசொல்லை உள்ளிட்ட நொடியிலேயே விடை திரையில் தோன்றுகிறது. அவ்விடை திறன்பேசிக்குள் உருவானதன்று. எங்கோ ஒரு கட்டடத்தில், இரும்புச் சட்டகங்களில் அடுக்கடுக்காகப் பொருத்தப்பட்ட கணினிகள் அதனைத் தேடியெடுத்து அனுப்புகின்றன. அக்கணினிகளை வாங்குவோர் எதனைப் பார்த்து வாங்குகின்றனர்? விலை மிகுந்ததே சிறந்தது என்னும் பொதுவான எண்ணம் அங்கே செல்லுபடியாகுமா? கணக்குப் போட்டுப் பார்த்தால் எதிர்பாராத விடைகள் கிடைக்கின்றன.

சட்டகமும் அதன் அலகும்

பிற கணினிகள் கேட்பதைத் தேடித் தருவதற்கென்றே இயங்கும் கணினி, சேவையகம் எனப்படும். சர்வர் என்பது இதன் வழக்குப் பெயர். உள்ளமைப்பில் இது வீட்டுக் கணினிக்கு நெருங்கிய உறவுதான். செயலி, நினைவகம், வன்தட்டு, மின்வழங்கும் அலகு, விசிறி ஆகிய அனைத்தும் இதிலும் உண்டு. தனக்கெனத் திரையோ விசைப்பலகையோ பெரும்பாலும் இருப்பதில்லை. ஆண்டு முழுவதும், இரவும் பகலும், அணைக்கப்படாமல் இயங்கவேண்டிய கடமை மட்டும் கூடுதலாக உண்டு.

நூற்றுக்கணக்கான கணினிகளை ஓர் அறையில் வைக்கவேண்டுமெனில் மேசை போட்டு மாளாது. எனவே, அவை தட்டையான பெட்டிகளாக வடிவமைக்கப்பட்டு, ரேக் எனப்படும் உயரமான சட்டகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகப்படுகின்றன. இச்சட்டகத்தின் முகப்பு அகலம் 19 அங்குலம், அதாவது 482.6 மில்லிமீட்டர். இவ்வளவு கணினியுலகம் வகுத்ததன்று. கணினி பிறப்பதற்கு முன்பே தொலைபேசி இணைப்பகங்களின் கருவிகளைத் தாங்கி நின்ற சட்டகத்திலிருந்து பெறப்பட்டது. உயரத்தை அளக்கும் அலகு ‘யு’ என்பதாகும். ஒரு யு என்பது 1.75 அங்குலம், அதாவது 44.45 மில்லிமீட்டர். பரவலாகப் பயன்படும் சட்டகம் 42 யு கொண்டது. அதன் பயன்படு உயரம் ஏறத்தாழ 1.87 மீட்டர், நெடிய மனிதர் ஒருவரின் உயரம் எனலாம்.

அளவு பொதுவாக இருப்பதால், ஒரு நிறுவனத்தின் சேவையகத்தைக் கழற்றிவிட்டு மற்றொன்றின் சேவையகத்தை அதே இடத்தில் பொருத்த முடிகிறது. விற்போர் பலரையும் ஒரே தராசில் நிறுத்த இப்பொதுமை உதவுகிறது. இடமும் ஒரு விலைப்பொருளாகிறது. தரவு மையங்களில் இத்தனை யுவுக்கு இவ்வளவு வாடகை எனக் கணக்கிடும் வழக்கம் உண்டு. ஆகவே, 1 யு உயரமுள்ள மெல்லிய பெட்டி சிக்கனமானது எனத் தோன்றும். அது முழு உண்மையன்று. மெல்லிய பெட்டிக்குள் சிறிய விசிறிகளே அடங்கும். அவை போதிய காற்றைத் தள்ளவேண்டுமெனில் மிகு வேகத்தில் சுழலவேண்டும்; அதற்கு மின்சாரம் கூடுதலாகச் செலவாகும்; இரைச்சலும் மிகும். 2 யு பெட்டியில் பெரிய விசிறி மெதுவாகச் சுழன்று அதே வேலையை முடித்துவிடும். இடத்தில் மிச்சப்படுத்தியது மின்கட்டணத்தில் கரைவதுண்டு.

வினைத்திறனை எவ்வாறு அளப்பது?

தொடர்வண்டி நிலையத்தின் பயணச்சீட்டு முகப்புகளை எண்ணிப் பார்க்கலாம். ஒரு நிலையத்தில் மிக விரைவாகச் சீட்டு வழங்கும் ஊழியர் ஒருவர் இருக்கிறார். மற்றொரு நிலையத்தில் நடுத்தர வேகமுடைய ஊழியர் பதின்மர் பத்து முகப்புகளில் அமர்ந்துள்ளனர். தம் முறை வந்தவுடன் சீட்டு விரைந்து கிடைப்பது முதல் நிலையத்தில். ஒரு மணி நேரத்தில் மிகுதியான மக்கள் சீட்டுப் பெற்றுச் செல்வது இரண்டாம் நிலையத்தில். இவற்றுள் எது திறன் மிக்கது?

சேவையகத்திற்கும் இவ்விரண்டு அளவைகள் உண்டு. ஒரு வேண்டுகோளுக்கு விடை தர எடுத்துக்கொள்ளும் நேரம் ஒன்று; குறிப்பிட்ட நேரத்தில் எத்தனை வேண்டுகோள்களை முடித்துத் தருகிறது என்பது மற்றொன்று. செயலியின் துடிப்பு வேகத்தைக் கிகாஹெர்ட்ஸ் எண்ணால் மட்டும் ஒப்பிடுவோர் இவ்விரண்டையும் தவறவிடுகின்றனர். நினைவகம் போதாத சேவையகத்தில் எத்துணை விரைவான செயலியைப் பொருத்தினாலும், வன்தட்டிலிருந்து தரவு வந்துசேரும்வரை அது காத்துக்கொண்டுதான் இருக்கும்.

விற்பனையாளரின் சொல்லை மட்டும் நம்பி வாங்குவதைத் தவிர்க்கவே ஒப்பளவுச் சோதனைகள் தோன்றின. 1988ஆம் ஆண்டு ஸ்பெக், டிபிசி என்னும் இரண்டு அமைப்புகள் நிறுவப்பட்டன. ஸ்பெக் அமைப்பு, ஒரே வகையான பணிகளை எல்லா எந்திரங்களுக்கும் கொடுத்து அளக்கிறது. வங்கி, வணிகம் போன்ற பரிமாற்றப் பணிகளை அளக்கும் டிபிசி அமைப்பு ஒருபடி மேலே சென்றது. எந்திரம் எத்தனை பரிமாற்றங்களை முடித்தது என்பதோடு, ஒரு பரிமாற்றத் திறனுக்கு எவ்வளவு பணம் செலவாயிற்று என்பதையும் வெளியிடவேண்டும் என விதித்தது. அவ்விலையில் எந்திரம் மட்டுமன்றி மென்பொருளும் பராமரிப்பும் அடங்கவேண்டும். விலையையும் திறனையும் பிரித்துப் பேசக்கூடாது என்பதை ஒரு விதியாகவே ஆக்கிய பெருமை இவ்வமைப்பைச் சாரும்.

இச்சோதனைகளுக்கும் ஓர் எல்லை உண்டு. சோதனையில் வெல்வதற்கென்றே எந்திரத்தைச் செம்மைப்படுத்தி அனுப்பும் வழக்கம் நிறுவனங்களிடையே உள்ளது. தாம் செய்யவிருக்கும் பணி சோதனையில் உள்ள பணியை ஒத்திருக்கிறதா என்று பாராமல் பட்டியலின் முதலிடத்தை வாங்குவது, நீச்சல் வீரரை ஓட்டப்பந்தயத்திற்குத் தேர்ந்தெடுப்பது போன்றதாகும்.

ஒரு சட்டகமும் ஒரு பெருங்கணினியும்

இவ்வொப்பீட்டிற்குக் கூகுள் நிறுவனத்தின் தொடக்கக் காலம் தெளிவான சான்று. லாரி பேஜ், செர்கே பிரின் ஆகிய இருவரும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாணவர்களாக இருந்தபோது தேடுபொறியை உருவாக்கினர். பெரு நிறுவனங்கள் அந்நாளில் வாங்கிய விலையுயர்ந்த சேவையகங்களை வாங்க அவர்களிடம் பணமில்லை. கடைகளில் கிடைக்கும் சாதாரணக் கணினியின் பாகங்களையே வாங்கிக் கோத்தனர். 1999ஆம் ஆண்டில் அந்நிறுவனம் அமைத்த சட்டகங்களில் கணினிகளுக்குப் பெட்டிகூடக் கிடையாது. தாய்ப்பலகைகள் தட்டுகளில் அப்படியே கிடத்தப்பட்டு, உலோகத் தட்டில் மின்கசிவு ஏற்படாதிருக்க அடியில் தக்கைத்தாள் விரிக்கப்பட்டிருந்தது. அச்சட்டகங்களுள் ஒன்று இன்று கலிஃபோர்னியாவின் மவுன்டன் வியூ நகரிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் காட்சிக்குரிய பொருளாகிவிட்டது.

வறுமையில் எடுத்த முடிவு, வளமை வந்த பிறகும் மாறவில்லை. அதற்கான காரணத்தை அந்நிறுவனத்தின் பொறியாளர்களான லூயிஸ் பரோசோ, ஜெஃப்ரி டீன், ஊர்ஸ் ஹோல்சில் ஆகிய மூவரும் 2003ஆம் ஆண்டு ஐஇஇஇ மைக்ரோ இதழில் எழுதிய கட்டுரை எண்களோடு விளக்கியது. அப்போது கூகுளின் தேடுபணியில் 15,000க்கும் மேற்பட்ட சாதாரண வகைக் கணினிகள் ஈடுபட்டிருந்தன.

அக்கட்டுரை இரண்டு கொள்முதல்களை அருகருகே வைக்கிறது. முதலாவது, 88 எளிய சேவையகங்கள் அடங்கிய ஒரு சட்டகம். ஒவ்வொன்றிலும் இரண்டு செயலிகள், 2 கிகாபைட் நினைவகம், 80 கிகாபைட் வன்தட்டு. மொத்த விலை ஏறத்தாழ 2,78,000 டாலர். இரண்டாவது, எட்டுச் செயலிகளும் 64 கிகாபைட் நினைவகமும் 8 டெராபைட் வன்தட்டும் கொண்ட ஒரே பெருஞ்சேவையகம். அதன் விலை ஏறத்தாழ 7,58,000 டாலர். இரண்டிலும் செயலியின் வேகம் 2 கிகாஹெர்ட்ஸ்தான்.

வகுத்துப் பார்ப்போம். எளிய சட்டகத்தில் மொத்தம் 176 செயலிகள் உள்ளன; ஒரு செயலிக்கு ஏறத்தாழ 1,580 டாலர் விழுகிறது. பெருஞ்சேவையகத்தில் ஒரு செயலிக்கு 94,750 டாலர். அறுபது மடங்கு வேறுபாடு. நினைவகத்தைப் பார்த்தால், சட்டகத்தில் ஒரு கிகாபைட்டுக்கு 1,580 டாலர்; பெருஞ்சேவையகத்தில் 11,800 டாலருக்கும் மேல். வன்தட்டில் மட்டும் பெருஞ்சேவையகம் சற்றே கூடுதலான கொள்ளளவு பெற்றிருக்கிறது. ஏறக்குறைய மூன்று மடங்கு விலை கொடுத்து, இருபத்திரண்டில் ஒரு பங்கு செயலிகளைப் பெறுவதா என்பதே வினா.

அவ்வாறாயின் பெருஞ்சேவையகத்தை வாங்குவோர் ஏமாளிகளா? அல்லர். அதன் செயலிகள் எட்டும் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டு, தமக்குள் மிக விரைவாகத் தரவைப் பரிமாறிக்கொள்ளும். அதன் பாகங்கள் எளிதில் பழுதாகாத தரத்தன. வேறுபாட்டின் பெரும்பகுதி இவ்விரண்டுக்கும் தரும் விலையாகும். கூகுளின் பணிக்கு இவ்விரண்டும் வேண்டியிருக்கவில்லை. ஏனெனில், தேடுதல் எளிதாகப் பிரித்துக் கொடுக்கத்தக்க பணி. இணையப் பக்கங்களின் சொல்லடைவைப் பல துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒரு சேவையகக் குழுவிடம் ஒப்படைத்துவிட்டால், எல்லாம் ஒரே நேரத்தில் தத்தம் பகுதியைத் தேடிவிட்டு விடையைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒன்றோடொன்று அடிக்கடி பேசவேண்டிய தேவையே எழாது.

பழுதின் கணக்கு

மலிவான எந்திரம் அடிக்கடி பழுதாகுமே என்னும் ஐயம் இயல்பானது. மிக உயர்ந்த தரமுள்ள, முப்பது ஆண்டுக்கு ஒருமுறையே பழுதாகக்கூடிய ஒரு சேவையகம் கிடைப்பதாகக் கொள்வோம். முப்பது ஆண்டு என்பது ஏறத்தாழ 10,950 நாள்கள். இத்தகைய சேவையகங்கள் 10,000 இருக்கும் ஒரு நிலையத்தில் சராசரியாக நாள்தோறும் ஒன்று பழுதாகும். தனியே பார்த்தால் ஏறத்தாழ அழியாப் பொருள். கூட்டமாகப் பார்த்தால் அன்றாடச் சாவு.

எனவே, எவ்வளவு பணம் கொட்டினாலும் பழுதை விலைக்கு வாங்கி ஒழித்துவிட இயலாது. எந்திரம் பழுதாகும் என்று ஏற்றுக்கொண்டு, மென்பொருளை அதற்கேற்ப எழுதவேண்டும். ஒரே தரவைப் பல சேவையகங்களில் படியெடுத்து வைத்து, ஒன்று நின்றுபோனால் வேண்டுகோள் மற்றொன்றுக்குத் தானே திரும்புமாறு செய்தனர் கூகுள் பொறியாளர்கள். இப்படிகள் பழுதைத் தாங்குவதோடு, வேலையையும் பங்கிட்டுக்கொண்டன. மென்பொருள் நம்பகத்தன்மையைக் கொடுத்துவிட்ட பிறகு, எந்திரத்தின் நம்பகத்தன்மைக்கு மீண்டும் ஒருமுறை விலை கொடுப்பது வீண். ஆனால், இத்தகைய மென்பொருளை எழுதத் திறமையான பொறியாளர் வேண்டும்; அவர்தம் ஊதியமும் செலவே. ஆயிரக்கணக்கான எந்திரங்களுக்குப் பகிர்ந்தால் அது சிறு தொகை. நான்கே சேவையகங்கள் வைத்திருக்கும் ஒரு கல்லூரிக்கோ மருத்துவமனைக்கோ அது தாங்கமுடியாத தொகை. அவ்விடத்தில், பழுதாகாத எந்திரத்தைக் கூடுதல் விலைக்கு வாங்குவதே சிக்கனம்.

மின்சாரமும் குளிர்ச்சியும்

வாங்கும் நாளில் கொடுக்கும் விலை ஒருமுறைச் செலவு. இயங்கும் நாளெல்லாம் கொடுக்கவேண்டியது மின்கட்டணம். மேற்சொன்ன கட்டுரை அந்நாளைய நடுத்தரச் சேவையகம் ஒன்றின் மின்தேவையைப் பிரித்துக் காட்டுகிறது. இரண்டு செயலிகளுக்கு 55 வாட், வன்தட்டுக்கு 10 வாட், நினைவகத்திற்கும் தாய்ப்பலகைக்கும் 25 வாட். ஆக 90 வாட். ஆயினும், சுவரிலுள்ள மின்செருகியிலிருந்து அது இழுத்தது 120 வாட். மின்வழங்கும் அலகு தான் பெற்றதில் முக்கால் பங்கை மட்டுமே உள்ளே கொடுத்து, கால் பங்கை வெப்பமாக வீணாக்கியதே காரணம். கணினி எதையும் கணிக்கும் முன்னரே நான்கில் ஒரு பங்கு தொலைந்துவிடுகிறது.

120 வாட் சேவையகம் ஓராண்டு இடைவிடாது இயங்கினால் 1,051 யூனிட் செலவாகும். சட்டகம் முழுவதும் சேர்ந்தால் 10 கிலோவாட் அளவை எட்டும். குளிரூட்டலையும் சேர்த்து ஒரு சட்டகத்திற்கு மாதம் ஏறத்தாழ 10,000 யூனிட் எனக் கட்டுரையாளர்கள் கணித்தனர். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்பிற்கு இரு மாதங்களுக்கு 100 யூனிட் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. அதே இரு மாதங்களில் ஒற்றைச் சட்டகம் எடுத்துக்கொள்வது அதைப்போல இருநூறு மடங்கு.

இருப்பினும், அந்நாளைய கணக்கில் மின்சாரம் முதன்மைச் செலவாக இல்லை என்பது வியப்பளிக்கும் செய்தி. 2,78,000 டாலர் சட்டகம் மூன்றாண்டில் தேய்ந்துவிடும் என்று வைத்தால், மாதத் தேய்மானம் 7,700 டாலர். மின்சாரத்திற்கும் குளிரூட்டலுக்கும் மாதம் 1,500 டாலரே ஆயிற்று. இதிலிருந்து பிறக்கும் முடிவு கூர்மையானது. மின்செலவைப் பாதியாகக் குறைக்கும் புதுவகைச் சேவையகம் ஒன்று வருகிறது. விலை பத்து விழுக்காடு மட்டுமே கூடுதல் என்றால் வாங்கலாமா? மிச்சமாவது மாதம் 750 டாலர். கூடுதல் தேய்மானமோ மாதம் 770 டாலர். ஒப்பீடு இருபது டாலரில் தோற்கிறது! நல்ல நோக்கமுடைய கொள்முதலும் கணக்கில் இடறக்கூடும் என்பதற்கு இதைவிடச் சிறிய சான்று தேவையில்லை.

பின்னர் எந்திரங்களின் விலை வீழ்ந்து, மின்தேவை ஏறியபோது இத்தராசு சாய்ந்தது. 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தரவு மையங்கள் ஏறத்தாழ 6,100 கோடி யூனிட் மின்சாரத்தை நுகர்ந்ததாகவும், அது அந்நாட்டின் மொத்த நுகர்வில் 1.5 விழுக்காடு எனவும் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மறு ஆண்டு அறிக்கை அளித்தது. இதே காலத்தில் பியுஇ என்னும் விகிதம் புழக்கத்திற்கு வந்தது. தரவு மையம் முழுவதும் இழுக்கும் மின்சாரத்தைக் கணினிகள் மட்டும் இழுக்கும் மின்சாரத்தால் வகுத்தால் கிடைப்பது இது. விகிதம் 2 எனில், கணிப்புக்குச் செலவாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் குளிரூட்டல் முதலியவற்றிற்கு இன்னொரு யூனிட் போகிறது என்று பொருள். கூகுள் தன் பெரும் தரவு மையங்களின் சராசரி 1.1 அளவிற்குக் குறைந்துவிட்டதாகப் பின்னாளில் அறிவித்தது. ஒரே சேவையகத்தை இருவேறு கட்டடங்களில் வைத்தால் அதன் உண்மைச் செலவு வேறுவேறாகிவிடும் என்பதை வாங்குவோர் மறப்பதுண்டு.

சும்மா இருப்பதற்கும் செலவு

தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒன்பது இலட்சம் மாணவர்கள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதுகின்றனர். முடிவு வெளியாகும் அந்த ஒரு மணி நேரத்தில், மாணவர், பெற்றோர், உறவினர் என அனைவரும் ஒரே நேரத்தில் தளத்தைத் திறக்க முயல்வர். அந்நெரிசலைத் தாங்குமளவுக்கு எந்திரங்களை வாங்கினால், ஆண்டின் மற்ற நாள்களில் அவை என்ன செய்யும்?

சும்மா இருக்கும். ஆனால், சும்மா இருப்பதற்கும் மின்சாரம் வேண்டும். 2007ஆம் ஆண்டு பரோசோவும் ஹோல்சிலும் எழுதிய மற்றொரு கட்டுரை இதனை வெளிச்சமிட்டது. பெரும்பாலான நேரம் சேவையகங்கள் தம் முழுத்திறனில் 10 முதல் 50 விழுக்காடு வரையே பயன்படுகின்றன. எவ்வேலையும் இல்லாதபோதும் முழுவேலையின்போது இழுக்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ பாதியை இழுக்கின்றன.

ஓர் எளிய கணக்கு: முழுவேலையில் 200 வாட்டும், ஓய்வில் 100 வாட்டும் இழுக்கும் சேவையகம் ஒன்றைக் கொள்வோம். இடைப்பட்ட நிலையில் மின்தேவை சீராக ஏறட்டும். 10 விழுக்காடு வேலையில் அது 110 வாட் இழுக்கும். வேலை பத்தில் ஒரு பங்கு. மின்சாரமோ பாதிக்கும் மேல். இப்படி மூன்று சேவையகங்கள் ஆளுக்குப் பத்து விழுக்காடு வேலையோடு இயங்கினால் மொத்தம் 330 வாட். மூன்றின் வேலையையும் ஒன்றின்மேல் ஏற்றினால் 30 விழுக்காடு வேலை, 130 வாட் மட்டும். ஒரு கணினியைப் பல கணினிகளைப்போல இயங்கச் செய்யும் மெய்நிகராக்கம் என்னும் நுட்பம் வேகமாகப் பரவியதற்கு இக்கணக்கே முதன்மைக் காரணம். மூன்று பணிகளைச் சுமக்கும் ஒன்று பழுதானால் மூன்றும் ஒருசேர நின்றுவிடும் என்பது இதன் மறுபக்கம்.

2007ஆம் ஆண்டின் இறுதியில் ஸ்பெக் அமைப்பு மின்சாரத்தையும் சேர்த்து அளக்கும் சோதனையைக் கொண்டுவந்தது. முழுவேலையில் மட்டுமன்றி, வேலையைப் படிப்படியாகக் குறைத்து, ஓய்வு நிலை வரையிலும் அளக்கும் சோதனை அது. அதன்பின் வந்த சேவையகங்கள் ஓய்வில் குறைவாக மின்சாரம் இழுக்கக் கற்றுக்கொண்டன. அளக்கப்படும்வரை எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை என்பதும் உண்மை.

ஒப்பீடு தலைகீழாகும் இடங்கள்

மலிவான பல எந்திரங்களே எப்போதும் வெல்லும் என்று முடிவுகட்டுதல் பிழையாகும். 1967ஆம் ஆண்டு ஜீன் அம்டால் என்னும் கணினி வல்லுநர் எடுத்துக்காட்டிய உண்மை இங்குக் குறுக்கே நிற்கிறது. ஒரு பணியில் பத்தில் ஒரு பங்கு, பிரிக்க இயலாமல் ஒன்றன்பின் ஒன்றாகவே செய்யவேண்டியது எனில், ஆயிரம் செயலிகளைச் சேர்த்தாலும் வேகம் பத்து மடங்கைத் தாண்டாது. ஒரே வங்கிக்கணக்கில் வரவும் செலவும் ஒரே நொடியில் பதிவாகும்போது வரிசை மாறக்கூடாது. இத்தகைய பணியைத் துண்டாடுவது தேடுதலைத் துண்டாடுவதுபோல் எளிதன்று. அங்கே விலையுயர்ந்த பெருஞ்சேவையகம் தன் விலைக்குரிய பணியைச் செய்கிறது.

மென்பொருளின் உரிமக் கட்டணம் மற்றோர் இடறல். தரவுத்தள மென்பொருள்கள் சில, செயலியின் கோர் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு எனக் கட்டணம் பெறுகின்றன. 32 கோர் உடைய சேவையகம் ஒன்றின் விலை 6 இலட்சம் ரூபாய். அதன் வேலைத்திறன் 100 அலகு. 16 விரைவான கோர் உடைய மற்றொன்றின் விலை 8 இலட்சம். வேலைத்திறன் 80 அலகு. எந்திரத்தை மட்டும் பார்த்தால் ஓர் அலகு வேலைக்கு முதலாவதில் 6,000 ரூபாயும் இரண்டாவதில் 10,000 ரூபாயும் ஆகின்றன. கோர் ஒன்றுக்கு ஓர் இலட்சம் உரிமக் கட்டணம் எனக் கொண்டு மீண்டும் கணக்கிட்டால், முதலாவது 38,000 ரூபாய். இரண்டாவது 30,000 ரூபாய். எந்திரங்கள் மாறவில்லை, வரிசை மாறிவிட்டது. இவை கணக்கிற்காகக் கொண்ட எண்களே எனினும், உரிமக் கட்டணம் எந்திர விலையை விழுங்கிவிடும் நிலை அலுவலகங்களில் அரிதன்று.

எத்தனை ஆண்டுகள்?

மேற்கண்ட எல்லாக் கணக்கிலும் ஓர் எண் அமைதியாக அமர்ந்திருக்கிறது. அது சேவையகத்தின் ஆயுள். 2003ஆம் ஆண்டுக் கட்டுரை மூன்றாண்டு என வைத்தது. ஆறாண்டு என வைத்திருந்தால் மாதத் தேய்மானம் பாதியாகி, மின்சாரத்தின் பங்கு இருமடங்கு கனத்திருக்கும். மின்செலவைப் பாதியாக்கும் சேவையகமும் தோற்றிருக்காது. விலை கொடுத்து முடிந்த பழைய எந்திரம் இலவசமாக உழைக்கிறது எனக் கருதுவோர் உளர். அது சட்டகத்தில் இடத்தை அடைத்துக்கொள்கிறது. புதியது முடிக்கும் வேலையில் சிறு பகுதியை முடிக்கவே புதியதற்கு நிகரான மின்சாரத்தை இழுக்கிறது. மறுபுறம், இன்னும் நன்றாக இயங்கும் எந்திரத்தைக் கழற்றி எறிவது பணத்தையும், மின்னணுக் கழிவின் வடிவில் மண்ணையும் கெடுக்கிறது.

இன்றைய நிலையில் இவ்வெண்ணே மிகுந்த விவாதத்திற்குரியது. செயற்கை நுண்ணறிவுப் பணிக்கென வடிவமைக்கப்பட்ட என்விடியா நிறுவனத்தின் 72 வரைகலைச் செயலிகள் கொண்ட சட்டகம் ஏறத்தாழ 120 கிலோவாட் இழுக்கிறது. 2003ஆம் ஆண்டின் சட்டகத்தைப்போல அது பன்னிரண்டு மடங்கு. காற்றால் குளிர்விக்க இயலாமல், குளிர்திரவத்தைக் குழாய்வழியே செயலிகளுக்கு மேல் செலுத்துகின்றனர். இத்தகைய எந்திரம் எத்தனை ஆண்டு பயன்படும் என்பதில் பெரு நிறுவனங்களே தடுமாறுகின்றன. கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் 2023ஆம் ஆண்டு தன் சேவையகங்களின் ஆயுளை நான்கிலிருந்து ஆறாண்டாகக் கணக்கில் நீட்டியது. அமேசான் நிறுவனம் 2024ஆம் ஆண்டு ஐந்திலிருந்து ஆறாக உயர்த்தியது. செயற்கை நுண்ணறிவுத் துறையில் நுட்பங்கள் விரைந்து மாறுவதைக் காரணம் காட்டி, அடுத்த ஆண்டே ஒரு பகுதிச் சேவையகங்களுக்கு அதனை மீண்டும் ஐந்தாகக் குறைத்துக்கொண்டது.